புளூமிங்டனில் வில்லும் தந்தியும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜேக்கப்ஸ் இசைப் பள்ளியில் வில்லால் வாசிக்கும் தந்திக் கருவிகளான வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகியவற்றைப் பயில இடம் கிடைப்பது ஏன் அரிது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

பெயர்பெற்ற இசைப் பள்ளிகள் உள்ள நியூயார்க்கும் பிலடெல்பியாவும் இருக்க, இப்பள்ளி இருக்கும் புளூமிங்டன் என்னும் சிற்றூரை மாணவர்கள் நாடக் காரணம் அங்கிருந்த ஆசிரியர்களே. 1947இல் பள்ளியின் முதல்வராகப் பொறுப்பேற்ற வில்பிரெட் பெய்ன், மேடையில் பெயர்பெற்ற கலைஞர்களைத் தேடி அழைத்துவந்தார். சிகாகோ சிம்பொனி இசைக்குழுவின் முதன்மைச் செல்லோ கலைஞராக இருந்த யானோஷ் ஸ்டார்க்கர் 1958இலும், கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவின் முதல் வயலின் இருக்கையிலிருந்து ஜோசப் கிங்கோல்ட் 1960இலும் அங்கு வந்து சேர்ந்து, வாழ்நாள் இறுதிவரை கற்பித்தார்கள். அவ்வூரிலேயே பிறந்த புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், சிறுவயதில் கிங்கோல்டிடம் பாடம் கேட்டவர்.

இத்தகைய பள்ளிகளில் சேர்வதென்றால் ஓர் ஆசிரியரிடம் சேர்வது என்றே பொருள். அவரிடம் பயிலும் மாணவர் பட்டம் பெற்றுச் சென்றால்தான் இடம் காலியாகும் என்பதால், சில ஆண்டுகளில் மிக நன்றாக வாசித்தவரும் இடம் கிடைக்காமல் திரும்ப நேரிடுகிறது. ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே அந்த ஆசிரியரிடம் ஒரு பாடமேனும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் தம் வாசிப்பைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். அதில் தேறியவர்கள் ஆசிரியர் குழுவின் முன் நேரில் வாசிக்கிறார்கள். வயலின் மாணவரிடம் பொதுவாகக் கேட்கப்படுபவை ஒரு கன்செர்ட்டோவின் (தனிக் கலைஞர் இசைக்குழுவோடு வாசிக்கும் உருப்படியின்) பகுதி, பயிற்சி உருப்படி ஒன்று, துணைக் கருவியின்றி வாசிக்க ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இயற்றிய பகுதிகள் ஆகியவை. இவற்றுள் பாக்தான் கடினமான சோதனை என்பேன். பியானோவின் துணை இல்லாததால், இரண்டு மூன்று தந்திகள் சேர்ந்தொலிக்கும் இடங்களில் சுருதி எவ்வளவு சுத்தம், வில்லின் நீளத்தை மாணவர் எவ்வாறு பங்கிட்டுக் கொள்கிறார் என்பதெல்லாம் ஒளிவின்றித் தெரிந்துவிடும். குழுவினர் பாதியில் நிறுத்தச் சொன்னால் கலங்க வேண்டியதில்லை. நேரம் கருதி அவ்வாறு செய்வது வழக்கம். தன் திறனுக்கு எட்டாத சைக்கோவ்ஸ்கியின் கன்செர்ட்டோவோடு போராடுவதைவிட, பிசிறில்லாமல் வாசித்த மொசார்ட்டின் கன்செர்ட்டோ அங்கே அதிகம் பேசும் என்பது என் கருத்து.

சேர்ந்த பின் தனிப்பாடத்தோடு ஆர்கெஸ்ட்ரா, நால்வர் குழு வாசிப்பு, இசைக் கோட்பாடு, பியானோ எல்லாம் உண்டு. ஆர்கெஸ்ட்ரா வேலைக்கான தேர்வுகளில் குறிப்பிட்ட சில பகுதிகளே திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதால், டபுள் பாஸ் மாணவர்கள் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் செல்லோவும் பாஸும் தனித்துப் பேசும் வரிகளை, படிக்கும் காலத்திலேயே மனப்பாடம் செய்துகொள்கிறார்கள்.