வாயுள்ள தவளை

(மூணாறில் வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் வாசகசாலைத் தலைவர் அவர்களே, மழையைப் பார்க்காமல் ஜீப் பிடித்து வந்து சேர்ந்த பஞ்சாயத்து உறுப்பினர் அம்மா அவர்களே, சீருடையோடு வந்து நம்மைக் கௌரவப்படுத்தியிருக்கும் ரேஞ்சர் சார் அவர்களே, நாற்காலியும் மைக்கும் காசு வாங்காமல் கொடுத்த பந்தல்கார அண்ணாச்சி அவர்களே, என்னிடம் படித்து இன்று எனக்கே நேரம் குறித்துக் கொடுக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்ட செயலாளர் தம்பி அவர்களே, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள். இந்தக் குளிருக்கு அது கம்பளியாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், பரவாயில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு ஆனைமுடித் தவளை. மூன்று விஷயங்கள் சொல்வதாக இருக்கிறேன். ஒன்று, அந்தத் தவளையின் இன்றைய நிலை. இரண்டு, உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்றுகொண்டிருக்கும் தோல் பூஞ்சை நோய். மூன்று, நாம் செய்ய வேண்டியது. நடுவில் எனக்குப் பிடித்த பழமொழி ஒன்று வரும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்வேன் என்று முன்வரிசையில் இருப்பவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். சிரியுங்கள். தவளைக்கும் அதுதான் கதை.

2010-ஆம் ஆண்டு பேராசிரியர் எஸ். டி. பிஜுவும் அவரோடு வேலை பார்த்தவர்களும் ஆனைமுடி உச்சியில் இருக்கும் ஒரு தவளையைப் புதிய இனம் என்று அறிவித்தார்கள். விஞ்ஞானப் பெயர் ராவோர்கெஸ்டஸ் ரெஸ்ப்ளெண்டென்ஸ். நாக்கு சுளுக்கிக்கொள்ளும், விடுங்கள். அந்தப் பெயரின் முன்பாதியில் இருக்கும் 'ராவ்' யார் தெரியுமா? சி. ஆர். நாராயண ராவ், தவளை ஆராய்ச்சியில் பெரிய ஆள், நம்ம கோயம்புத்தூரில் பிறந்தவர். அவரை முதல் ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய 'கரன்ட் சயின்ஸ்' பத்திரிகையில்தான் இந்தத் தவளையைப் பற்றிய கட்டுரையும் வந்தது.

ஆள் ஓர் அங்குலம் இருந்தால் அதிகம். நல்ல செங்காவி நிறம். உடம்பெல்லாம் புடைப்புப் புடைப்பாகச் சுரப்பிகள். மரத்தவளைக் குடும்பத்தில் பிறந்தது, ஆனால் மரம் ஏறாது. கால்கள் குட்டை. 2695 மீட்டர் உயரத்தில் அடிக்கிற காற்றில் ஏறுவதற்கு மரம்தான் எங்கே இருக்கிறது? புல்லுக்கு அடியில் தரையோடு தரையாகக் குடித்தனம். குட்டை மூங்கில் புதரின் அடிப்பக்கத்தில் முட்டையிடும். குளம் குட்டை எதுவும் தேவையில்லை. தலைப்பிரட்டை என்ற கட்டமே கிடையாது, முட்டைக்குள்ளேயே முழுசாக வளர்ந்து குட்டித் தவளையாக வெளியே குதித்துவிடும். பள்ளியில் நாங்கள் கரும்பலகையில் வரைந்து காட்டிய தவளையின் வாழ்க்கைச் சுழற்சியை இது மதிக்கவே இல்லை.

சரி, நிலை என்ன? கண்டுபிடித்தபோது அது வாழ்வதாகத் தெரிந்த இடம் மொத்தமும் 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஏறக்குறைய 740 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களைக் கணக்கெடுக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்ற வரிசையில் வைத்தார்கள். அதற்கு அடுத்த படி, காட்டில் அற்றுப்போனது என்று எழுதுவதுதான். வெயில் கூடிக்கொண்டே போனால் மற்ற பிராணிகள் கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளும். இது ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. இனி எங்கே ஏறும்? 2023-இல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்த கணக்கு, உலகத்தில் உள்ள தவளை, தேரை உள்ளிட்ட இருவாழ்விகளில் 41 சதவீதம் ஆபத்தில் இருக்கின்றன என்றது. நம் ஊர்ப் பெயரையே தாங்கிய மூணாறு புதர்த்தவளை 2009-இல் அறிவிக்கப்பட்டது, அதற்கும் சுகமான காலம் இல்லை.

ஆனைமுடித் தவளைக்கு ஒரு நல்ல காலம் உண்டு. அது இருப்பது இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள். 97 சதுர கிலோமீட்டர். 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. வரையாடு குட்டி போடும் காலத்தில், பூங்காவில் சுற்றுலாக்காரர்கள் வருகிற ராஜமலையையே மூடிவிடுகிறார்கள். உச்சிக்கு அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாது. ரேஞ்சர் சாருக்கும், மழையில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ரோந்து போகிற வாச்சர்மாருக்கும், அவர்களில் பலராக இருக்கும் முதுவக்குடித் தம்பிகளுக்கும் ஒரு கைதட்டு கொடுங்கள்.

இப்போது அந்தப் பழமொழிக்கு வருகிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். தவளை ஆராய்ச்சிக்காரர்களைக் கேட்டால் தலைகீழாகச் சொல்வார்கள். கத்துகிற தவளையைத்தான் கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடித்ததைத்தான் பட்டியலில் எழுத முடியும், எழுதியதைத்தான் காப்பாற்ற முடியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்!

எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், நடந்ததைச் சொல்கிறேன். ஆளின் பெயர் வேண்டாம், பேத்தி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நல்ல ஆடி மழை. கரண்ட் போன ராத்திரி. லயத்துக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், மூன்று வெளிச்சம் குனிந்து குனிந்து நகருகிறது. கிழவிக்கு அதற்கு முந்திய வாரம்தான் ஒரு சேவல் காணாமல் போயிருந்தது. சும்மா விடுமா? கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து ஆரம்பித்தது. என்ன ஆரம்பித்தது என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது, பஞ்சாயத்து அம்மா இருக்கிறார்கள். மூன்று பேரில் ஒருத்தன் நிமிர்ந்து, உதட்டில் விரலை வைத்து, "ச்சூ... சத்தம் போடாதீங்க பாட்டி" என்றான். அவ்வளவுதான்! "என் வாசல்ல நின்னுகிட்டு என்னையே வாயை மூடச் சொல்றியாடா?" என்று கத்தியோடு வடிகாலில் இறங்கிவிட்டது. லயமே எழுந்து வந்தது. ஒருத்தர் கையில் விறகுக் கட்டை, ஒருத்தர் கையில் குடை. பார்த்தால் மூன்று பேரும் படிக்கிற பிள்ளைகள். ரெண்டு பேர் மலையாளத்துப் பையன்கள், ஒருத்தன் நாகர்கோவில். தலையில் டார்ச், கையில் மைக். புதர்த்தவளை கத்துவதைப் பதிவு பண்ணுகிறார்களாம்.

யாரும் நம்பவில்லை. அப்புறம் நாகர்கோவில் பையன் மெஷினைப் போட்டுக் காட்டினான். டிக், டிக், டிக் என்று தவளை. ரொம்பத் தெளிவு. அதற்குப் பின்னாலேயே கிழவியின் குரல், ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல்! லயத்து ஆட்கள் வடிகாலிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். கிழவிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தது. கொடுத்துக்கொண்டே, "இது வாசல் தவளைடா, இதுக்கா இத்தனை பாடு? மேலே டாப்பு ஓடையில ஒண்ணு கத்தும், அது வேற தாளம். ஈத்தைக் காட்டோரம் கத்துறது அதுவும் வேற" என்று, வாயாலேயே மூன்றையும் கத்திக் காட்டியது. பையன்கள் சாயாவைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் கிழவியைக் கையோடு கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனார்கள். எந்தப் புதருக்குள் எது இருக்கிறது என்று காதை வைத்தே சொல்லியது.

அந்தக் கிழவி எங்கே போனாள்? இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

வேலையிலிருந்து ஓய்வு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வீட்டில் வேறு யாருக்கும் தோட்டத்தில் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் லயத்து வீடும் இல்லை. பிறந்த மலையிலிருந்து போடிக்கு இறங்கி, வெயிலில், வாடகை வீட்டில் இருந்து செத்துப்போனாள். மூன்று தலைமுறையாக இந்த மலையில் மழையில் நனைந்த குடும்பம், அதற்கு இங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. தவளைக்கு எல்லை குறித்துக் கொடுத்தோம், நல்லது, வாழட்டும். தவளைச் சத்தம் தெரிந்த ஆளை மலையிறக்கி விட்டால் நாளைக்கு அந்தச் சத்தம் நின்றுபோனது யாருக்குத் தெரியும்?

1971-இல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசாங்கம் மீட்கச் சட்டம் வந்தது. இரவிகுளம் நம் கைக்கு வந்ததும் அந்தச் சட்டத்தால்தான். மீட்ட நிலத்தை விவசாயத் தொழிலாளருக்கும் ஒதுக்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. வரையாட்டுக்கு வந்தது, தவளைக்கும் வந்தது. கொழுந்தெடுத்தவளுக்கு எப்போது வரும்? 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை இறங்கி 70 பேரைக் கொண்டுபோனது. பூங்காவின் ஓரத்திலேயே இருந்த லயங்கள் அவை. மிஞ்சியவர்களில் சிலருக்குக் குற்றியார்வேலியில் வீடு கிடைத்தது. வீடு கிடைப்பதற்கு மலை இடிய வேண்டுமா?

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சாட்சி இதே மூணாறு டவுன். 2015 செப்டம்பரில் நம் தோட்டத்துப் பெண்கள் 20 சதவீதம் போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கட்சிக்காரர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவர்களே பேசினார்கள், வாங்கினார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நான் வகுப்பில் சொன்னதை நம்பியவர்கள் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தோட்டத்தில் ஓய்வு பெறுகிற ஒவ்வொருவருக்கும் இந்தத் தாலுக்காவிலேயே, சரியாத நிலத்தில், வீட்டுமனை வேண்டும். சோலையை வெட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை. கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் நட்டு ஓடையை வற்றவைத்த நிலம் எவ்வளவு கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

தம்பி சீட்டு அனுப்பிவிட்டார், நேரம் முடிந்ததாம். பூஞ்சை நோயைப் பற்றிச் சொல்லவே இல்லை. அது தோலைப் பிடிக்கும், தவளை தோல் வழியாகவே தண்ணீரும் உப்பும் வாங்கிக்கொள்கிற பிராணி, அதனால் தாங்காது, இப்போதைக்கு இவ்வளவு போதும். ஓடையில் இறங்கும்போது வேறு ஊர்ச் சேற்றோடு பூட்ஸைக் கொண்டுவராதீர்கள் என்று சுற்றுலா வருகிறவர்களிடம் சொல்லுங்கள்.

மனு மேடைக்கு இடப்பக்கம் மேசையில் இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறோம். பெயர், டிவிஷன், வேலைக்குச் சேர்ந்த வருஷம் மூன்றையும் போடுங்கள். கையெழுத்து வராதவர்கள் ரேகை வைக்கலாம், மை டப்பா பேத்தியிடம் இருக்கிறது. பஞ்சாயத்து அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாக என்னிடம் காலையிலேயே ஒத்துக்கொண்டார்கள், இப்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். வணக்கம்.