மாங்காய் கறுப்பாக்கிய மடக்குக்கத்தி

வணக்கம் மக்களே. முதலில் ஒரு சத்தம் கேளுங்கள். மைக்கைக் கிட்டே வைக்கிறேன்.

டக். டக்.

கேட்டதா? பாதியில் ஒரு டக், முழுதாகத் திறந்ததும் இன்னொரு டக். மூடும்போதும் அதே இரண்டு. இந்தச் சத்தத்துக்காகத்தான் ஆறு வருடமாகக் காசைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். கத்தி சேர்க்கிறேன் என்று சொன்னதும் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், "என்ன தம்பி, ரவுடி ஆகப்போகிறாயா?" என்று கேட்டார். எடுத்துக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, பேனாக்கத்தி! பென்சில் சீவ வைத்திருப்போமே" என்றார். அதேதான். மூன்று அங்குலம்கூட இல்லாத பேனாக்கத்தி.

இதற்கு ஸ்லிப் ஜாயின்ட் என்று பெயர். இதில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகோரமாக ஒரு எஃகுப் பட்டை ஓடுகிறது, தெரிகிறதா? அதுதான் ஸ்பிரிங். பிளேடின் அடிப்பகுதி பிடிக்குள் சதுரமாக இருக்கும். திருப்பும்போது சதுரத்தின் மூலை ஸ்பிரிங்கை மேலே தள்ளும். மூலை தாண்டியதும் ஸ்பிரிங் சட்டென்று சமப்பக்கத்தில் விழும். அந்த விழுகைதான் டக். இப்போது பிடியின் முதுகை விரலால் தடவுகிறேன். மூடியிருக்கும்போது வழுவழு. பாதியில் நிற்கும்போதும் வழுவழு. திறந்த பிறகும் வழுவழு. மூன்று நிலையிலும் ஸ்பிரிங் ஒரு மயிரிழைகூடத் துருத்தாமல் இருந்தால், செய்தவர் உட்கார்ந்து அரம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். நான் கத்தி வாங்கும்போது கூர்மையைப் பார்ப்பதில்லை. கூர் நாமே தீட்டிக்கொள்ளலாம். இந்த முதுகைத்தான் தடவிப் பார்ப்பேன்.

பூட்டு இல்லாததால் ஒரு எச்சரிக்கை. குத்தும் வேலைக்கு இது ஆகாது. முனையை எதிலாவது அழுத்தினால் மடங்கி உங்கள் விரலிலேயே வாயை வைக்கும். என் ஆள்காட்டி விரலில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான். தேங்காய் மூடியில் வித்தை காட்டப் போனேன்.

சரி, தாத்தாவின் கத்திக்கு வருகிறேன். நான் பேச வந்ததே இதைப் பற்றித்தான்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சந்தூர் மாஞ்செடி தெரியாமல் இருக்காது. தாத்தா அந்தப் பக்கத்து நர்சரிகளில் ஒட்டுக் கட்டியவர். இது அவருடைய ஒட்டுக்கத்தி. பெங்களூரில் வாங்கியது என்பார். கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். பிளேடின் ஒரு பக்கம் தட்டையாக, சிலேட்டு மாதிரி இருக்கிறது. மறுபக்கம் மட்டும்தான் சரிவு. சாதாரணக் கத்தியில் இரண்டு பக்கமும் சரிவு இருக்கும். ஒட்டுக் கட்ட அது சரிப்படாது. தாய்மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி சீவி, கன்றின் பிளவில் சொருகி, பிளாஸ்டிக் நாடா சுற்ற வேண்டும். சீவிய முகம் துளி வளைந்தாலும் இரண்டு பட்டைக்கும் நடுவே காற்று நிற்கும், ஒட்டு பிடிக்காது. தட்டையான பக்கத்தை மரத்தோடு வைத்து ஒரே இழுப்பில் இழுத்தால்தான் முகம் கண்ணாடி மாதிரி வரும்.

இதில் எனக்கு ஒரு சிக்கல். சரிவு வலது கைக்கு வைத்தது. நான் இடது கைப் பழக்கம். நான் சீவினால் கத்தி குச்சிக்குள் புதைந்துகொண்டு கோணலாகப் போகும். "உனக்கு இது வராதுடா, நீ நாடா சுத்து" என்பார் தாத்தா. எல்லா விடுமுறையும் நாடா சுற்றியே போனது.

அப்புறம் இந்த நிறம். நாற்பது வருட மாம்பால் இது. பிளேடு முழுக்க ஒரே கறுப்பு என்று நினைக்காதீர்கள். வெளிச்சத்தில் சாய்க்கிறேன். அடியில் சாம்பல், நடுவில் மயில் கழுத்து நீலம், வாயோரம் மட்டும் வெள்ளிக் கம்பி. கார்பன் எஃகில், அதாவது ஸ்டெயின்லெஸ் அல்லாத எஃகில், புளிப்பு பட்டால் இப்படித்தான் ஆகும். புதிதாக வாங்கிய கார்பன் கத்தியால் ஒரு கிளிமூக்கு மாங்காயை நறுக்கி, துடைக்காமல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், மேகம் மாதிரி படரும். துரு என்று பயந்து தேய்க்காதீர்கள். செந்துரு வேறு, இது வேறு. இந்தக் கறுப்புப் படலம் இருந்தால் செந்துரு சீக்கிரம் ஏறாது. ஆனால் காம்பு முறித்ததும் வழிகிற சொனை இருக்கிறதே, தோலையே பொத்துப்போக வைக்கும் சாமான் அது. அதை மட்டும் ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள், பிளேடில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். தாத்தா போன பிறகு கத்தி அலமாரியில் கிடந்தது. ஒரு பொங்கலுக்கு அம்மா பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தபோது, இதன் பித்தளைப் பூணும் மங்கலாக இருக்கிறதே என்று சேர்த்துத் தேய்த்துவிட்டார். பூண் தங்கம் மாதிரி பளபளத்தது. தர்மபுரிப் புளி ஆயிற்றே! மூட்டுக்குள் இறங்கிய புளித்தண்ணீரை யாரும் நினைக்கவில்லை. பத்து நாளில் ஸ்பிரிங் இறுகி, திறந்தால் 'கர்ர்' என்றது. அம்மா மேல் தப்பில்லை. கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திறந்து மூடியிருந்தால் சரியாகியிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பாலிஷ் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள்" என்று என் வாயால் சொன்னேன். சக்கரத்தில் வைத்த நிமிடமே பிளேடின் அடியில் இருந்த முத்திரை போய்விட்டது. நல்லவேளை, தாத்தாவின் கறுப்பை முழுக்க வழிப்பதற்குள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். இதோ, இந்த அடிப்பகுதி மட்டும் ஸ்டீல் டம்ளர் மாதிரி மின்னுகிறது பாருங்கள்.

முத்திரை போனால் என்ன என்று கேட்கலாம். சேர்ப்பவனுக்கு அதுதான் ஜாதகம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக் கத்தியில் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும் இருக்கும், 1682இலிருந்து வரும் குறி அது. இதோ, அமெரிக்காவின் பிராட்ஃபோர்டு ஊரில் இருக்கும் கேஸ் (Case) கம்பெனியின் இந்தக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 6318 என்று அடித்திருக்கிறது. 6 என்றால் வரி செதுக்கிய எலும்புப் பிடி, 3 என்றால் மூன்று பிளேடு, 18 இந்த வடிவத்தின் எண். 1970இல் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். புள்ளியை எண்ணினால் பிறந்த வருடம் தெரிந்துவிடும். என் தாத்தா கத்திக்கு இனி ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. ஒட்டுக்கத்திக்குப் பேர்போன ஜெர்மன் கம்பெனி டீனாவுடையதாக இருக்குமோ என்று ஒரு ஆசை. ஆசைதான்.

இந்தக் கேஸில் மூன்று பிளேடு சொன்னேன் அல்லவா? இதற்கு ஸ்டாக்மேன் என்று பெயர், மாடு மேய்ப்பவர் கத்தி. முனை வளைந்தது பொது வேலைக்கு. வாய் நேராக இருப்பது சீவ. மூன்றாவது, முனை மொண்ணையாக இருக்கிறதே, அது காளைக்குக் காயடிக்க. மாடு துள்ளினாலும் வேறெங்கும் குத்திவிடக்கூடாது என்று முனையை மழுக்கி வைத்திருக்கிறார்கள். பென்னாகரம் பக்கம் ஆலம்பாடி மாடு வைத்திருக்கும் சித்தப்பாவிடம் காட்டினேன். "இப்ப டாக்டர் இடுக்கி போட்டு முடிச்சிடறாரு, இதை வெச்சு நீ ஆரஞ்சு உரி" என்றார். ஆரஞ்சுக்கு அருமையாக இருக்கிறது.

சுவிஸ் கத்தி பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஆமாம், அந்தச் சிவப்பு விக்டோரினாக்ஸ் சின்னக் கத்தியும் ஸ்லிப் ஜாயின்ட்தான். 1897இல் வந்த ஆபீசர் கத்தியின் வம்சம். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், நீங்களும் எங்கள் கூட்டம்தான். ஓப்பினல் என்ற பிரெஞ்சு மடக்குக்கத்தியில் ஸ்பிரிங்கே இல்லை, வளையத்தைத் திருப்பித்தான் நிறுத்த வேண்டும். நல்ல கத்தி, ஆனால் இந்தக் கணக்கில் வராது.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய இந்த மடக்குக்கத்தியிலும் ஸ்பிரிங் இல்லை. ஆணியின் இறுக்கம் மட்டும்தான். தளர்ந்தால் கல்லில் வைத்து ஒரு தட்டு தட்டிக்கொள்ளலாம். நூற்றுச் சொச்சம் ரூபாய். டக் என்று சொல்லாது, ஆனால் எஃகு நல்ல எஃகு. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு ஷெஃபீல்டு, பிராட்ஃபோர்டு என்று பேசுகிறேன் என்று எனக்கே சிரிப்பு வரும்.

சந்தை என்றதும் நினைவு வருகிறது. ஒருவர் மெதுவாகக் காதருகே வந்து, "மான் கொம்புப் பிடி போட்டது இருக்கு, வேணுமா?" என்றார். வேண்டாம் மக்களே. வெளிநாட்டுப் பழைய கத்திகளில் நம் கடமான் கொம்பு நிறைய இருக்கும். 'இந்தியா ஸ்டேக்' என்றே பெயர் வைத்து விற்பார்கள். அந்தக் கடமான் அஞ்செட்டிக் காட்டில் இன்றும் நடமாடுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தெரியாமல் நூறு இருநூறுக்கு வாங்கிவிட்டு வனத்துறை ஆபீசில் போய் உட்காராதீர்கள். மாட்டெலும்பு, ஈட்டி மரம், கருவேலம் எல்லாம் பிடிக்கு நன்றாகவே இருக்கும்.

சட்டம் கேட்பவர்களுக்கு ஒரு வரி. 2016 ஆயுத விதிகளில் கத்தி ஆயுதமாகக் கணக்காகும் அளவு, பிளேடு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம். நம்முடையது அதன் பக்கத்திலேயே வராது. அதற்காகப் பஸ் ஸ்டாண்டில் திறந்து மூடி டக் டக் காட்டாதீர்கள். விமானத்தில் கைப்பையிலும் வேண்டாம்.

எண்ணெய் விஷயம் ஒன்று. பிளேடுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். மூட்டுக்குள் அது வேண்டாம், நாளானால் பிசின் மாதிரி ஆகிவிடும். அங்கே தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

கடைசியாக ஒரு உதவி. சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கம் ஒட்டுக் கட்டிய தாத்தா, அப்பா யார் வீட்டிலாவது இதே மாதிரி கத்தி இருக்கலாம். மரப்பிடி, மூன்று ஆணி, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், நகம் வைக்கும் பள்ளம் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி. திறந்தால் பிளேடின் அடியில் ஏதாவது எழுத்தோ படமோ தெரியும். அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எடுப்பதற்கு முன்னால் துடைக்க வேண்டாம். அழுக்கோடு அப்படியே அனுப்புங்கள்.