இடுப்பளவு தண்ணிதானே, விழுந்தா என்ன? – கடலூர் நேயரின் கைட் சர்ஃபிங் கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி ரெண்டு நாளா மண்டைக்குள்ளேயே சுத்துது. கடலூர் முதுநகர்லேருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "கைட் சர்ஃபிங் கத்துக்க ஆசை. அலைன்னா பயம். பிச்சாவரம், சுண்ணாம்பாறு மாதிரி அலையே இல்லாத உப்பங்கழியில கத்துக்கலாமா? இடுப்பளவு தண்ணிதானே, விழுந்தா எழுந்து நின்னுக்கலாம்ல?"

புதுசா கேக்கறவங்களுக்கு: பெரிய பட்டத்தைக் (கைட்) காத்துல தூக்கி, அது இழுக்க, கால்ல மாட்டின பலகையில (போர்டு) தண்ணி மேல சறுக்கறதுதான் கைட் சர்ஃபிங். தம்பி, பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் என்ன சொல்வேன்னு தொடர்ந்து பாக்கறவங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். தண்ணி அமைதியா இருக்கான்னு பாக்காதீங்க, ஏன் அமைதியா இருக்குன்னு பாருங்க.

பிச்சாவரத்துல ஏன் அமைதி? சுரபுன்னைக் காடு காத்தை மறைச்சுக்கிட்டு நிக்குது. தண்ணிக்கு மறைப்புன்னா கைட்டுக்கும் மறைப்புதான். கைட்டையும் உங்களையும் இணைக்கிற கயிறு, அதான் லைன், 20லேருந்து 24 மீட்டர் நீளம். கீழ உங்க மூஞ்சில காத்தே இருக்காது, மேல கைட் இருக்கிற உயரத்துல திடீர்னு அடிக்கும். மரத்தைத் தாண்டி வர்ற காத்து சுருண்டு சுருண்டுதான் வரும். மரத்தோட உயரத்தைப் போல ஏழு, பத்து மடங்கு தூரத்துக்கு அந்தச் சுருள் இருக்கும்னு வெச்சுக்கங்க. 15 மீட்டர் தென்னைன்னா 100லேருந்து 150 மீட்டர். வாய்க்கால் அகலமே அவ்வளவு இருக்காதே! சுண்ணாம்பாத்துலயும் கரையெல்லாம் தென்னை, நடுவுல படகுப் போக்குவரத்து. அது படகுல உக்காந்து போற இடம், அவ்வளவுதான்.

காத்து விட்டு விட்டு அடிச்சா என்ன போச்சுன்னு கேக்கறீங்களா? காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா இழுவை நாலு மடங்கு ஆகும். 10 நாட் காத்து 14 ஆனாலே இழுவை ரெட்டிப்பு. ஒரு நாட்டுன்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர். 12லேருந்து 18 நாட்டுக்குள்ள, ஒரே சீரா அடிக்கிற காத்துதான் புதுசா கத்துக்கறவங்களுக்கு வேணும். மொத்த வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவால்ல, சீரா இருக்கணும்.

அடுத்த அமைதி இதைவிட மோசம். ஜூன் மாசம் காலையில உங்க கடலூர் சில்வர் பீச்சுல போய் நில்லுங்க. மேக்கேருந்து கச்சான் காத்து அடிக்கும். கரையோரத் தண்ணி இஸ்திரி போட்ட மாதிரி கிடக்கும். ஆஹா, கத்துக்கத் தோதான நாள்னு தோணும். ஆனா காத்து கரையிலேருந்து கடலுக்குள்ள போகுது, அதான் அலை இல்ல. கைட்ல ஏதாவது கோளாறுன்னா காத்து உங்களைக் கடலுக்குள்ள தள்ளிக்கிட்டே போகும், கரைக்குத் திருப்பிக் கொண்டுவராது. பாய் கட்டிப் போன காலத்துல நம்ம மீனவங்க விடியறதுக்கு முன்னாடி கரைக்காத்துல வெளிய போவாங்க, மதியம் கடல்காத்து கிளம்பினதும் அதுல திரும்புவாங்க. போற காத்து வேற, வர்ற காத்து வேறன்னு கட்டுமரத்துக்காரங்களுக்குத் தெரியும். மதியக் கடல்காத்துல பாண்டி பீச் ரோடு பக்கம் கைட் தூக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. வேணாம். காத்து தள்ளுற பக்கம் பெரும்பாலும் கருங்கல் கொட்டியிருக்கு.

அப்ப எந்த அமைதி நல்ல அமைதி? தாழ்வான மணல்திட்டு ஒண்ணு அலையைத் தடுக்கணும், காத்தைத் தடுக்கக் கூடாது. இலங்கையில கற்பிட்டி அப்படி. புத்தளம் களப்புக்கும் (களப்புன்னா கடலோர உப்புத்தண்ணி ஏரி) கடலுக்கும் நடுவுல நீட்டிக்கிட்டிருக்கிற நிலம் அது. மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும் தென்மேற்குக் காத்து, டிசம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் இன்னொரு பருவம். இங்க நம்ம பக்கம் ராமேஸ்வரம். தனுஷ்கோடிக்குப் போற மணல்திட்டுல ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் விரிகுடா. தென்காத்து மாசத்துல வடக்குப் பக்கம் தண்ணி படுத்துக் கிடக்கும், வாடைக்காத்துல தெக்குப் பக்கம். கவனிச்சீங்களா, இங்கயும் அது கரைக்காத்துதான்! அதனால மீட்புப் படகு தயாரா நிக்காம அங்க இறங்கக் கூடாது. களப்பு பெருசு, எதிர்க்கரை இருக்குன்னா அந்தக் கவலை குறையும். எங்க தள்ளினாலும் ஒரு கரையில போய்ச் சேருவீங்க. களப்போட நல்லதே அதுதான். அலை இல்லாதது அப்புறம்தான்.

ஆழத்துக்கு வர்றேன். இடுப்புலேருந்து மார் வரைக்கும் இருந்தா நல்லது. நின்னுக்கிட்டு பயிற்சியாளர் சொல்றதைக் கேக்கலாம், போர்டைத் தேடி எடுக்கலாம், காத்துக்கு எதிரா நடந்து திரும்பலாம். முதல் ரெண்டு மூணு நாள் பாதி நேரம் நடைதான், சொல்லிட்டேன். முழங்காலுக்குக் கீழ போயிடுச்சுன்னா தண்ணி உங்களைத் தாங்காது, நேரா தரையில விழுவீங்க. போர்டுக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கிற ஃபின், அதாவது சின்னத் தகடு, மணல்ல குத்தி நிக்கும், நீங்க மட்டும் முன்னாடி பறப்பீங்க. அடியில சிப்பி இருந்தா காலு கிழியும், அதனால ரப்பர் ஷூ போடுங்க. கழியில ஏத்தவத்தமும் உண்டு. காலையில இடுப்பு, சாயங்காலம் கணுக்கால்.

சரி தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: கைட்டை எப்படி விடறது? எல்லாரும் பிடிக்கறதைப் பத்தியே கேக்கறாங்க. பயந்தா கை தானா பாரை, அதாவது கைட்டை ஓட்டப் பிடிச்சிருக்கிற கம்பை, நெஞ்சுப் பக்கம் இழுக்கும். இழுத்தா இழுவை கூடும், இன்னும் பயம், இன்னும் இழுப்பீங்க. அதனால முதல் வேலை, பாரை விட்டுடுங்க. கைட் உங்க உடம்புல கட்டியிருக்கிற பட்டையோட (ஹார்னெஸ்) கொக்கியிலதான் மாட்டியிருக்கு, எங்கயும் போகாது, இழுவை மட்டும் பெரும்பாலும் அடங்கிடும். அடங்கலையா? கொக்கிகிட்ட இருக்கிற சிவப்பு ரிலீஸை, அதாவது கழட்டி விடற பிடியை, உடம்பை விட்டு வெளிப்பக்கமாத் தள்ளுங்க. கைட் ஒத்தை லைன்ல தொங்கிக் கொடி மாதிரி படபடக்கும். அப்பவும் இழுத்தா, இல்ல இன்னொருத்தர் கைட்டோட சிக்கிக்கிச்சுன்னா, கடைசியா லீஷோட ரிலீஸ். லீஷ்னா அந்த ஒத்தை லைனை உங்களோட இணைக்கிற வார், அதைக் கழட்டினா கைட் முழுசா போயிடும்.

இந்த மூணையும் கரையில கண்ணை மூடிக்கிட்டுப் பத்துத் தடவை செய்ங்க. ரிலீஸுக்குள்ள மணல் புகுந்தா இறுகிடும், தினமும் நல்ல தண்ணியில அலசிட்டு ஒரு தடவை தள்ளிப் பாத்துட்டுதான் தூக்கணும். தூக்கும்போது கைட் 9 மணியிலயோ 3 மணியிலயோ இருக்கணும், காத்துக்கடிகாரம் போன வீடியோல படம் போட்டுக் காட்டினேனே, காத்துக்கு முதுகைக் காட்டி நின்னா தலைக்கு நேர் மேல 12 மணி, இடது ஓரம் 9, வலது ஓரம் 3ன்னு, அது. காத்து போற திசையில உங்களுக்கு முன்னாடி 100 மீட்டராவது காலியா இருக்கணும். வலை ஊனின கம்பு, கரன்ட் கம்பி, வேடிக்கை பாக்கற ஜனம், எதுவும் கூடாது.

லைனைக் கையில சுத்திக்கவே சுத்திக்காதீங்க. ரிலீஸ் பண்ணினதுக்கு அப்புறம் அந்த ஒத்தை லைனை முதல்ல ரெண்டு மூணு மீட்டர் இழுத்து பார்ல சுத்துங்க, கைட் மறுபடி காத்து பிடிக்காது. அதுக்கப்புறம் எல்லா லைனையும் சேத்துச் சுத்திக்கிட்டே கைட் கிட்ட போங்க. முன்விளிம்புக் குழாய்ல காத்து இருக்கிற வரைக்கும் கைட் முழுகாது, அதைப் பிடிச்சுக்கிட்டு மிதக்கலாம், இடுப்பளவுன்னா நடந்தே வரலாம். போர்டைத் தேடாதீங்க. அது எதிர்க்கரையில ஒதுங்கியிருக்கும்.