கடல் பச்சையா, சந்தனமா? மண்டபத்து வீட்டு ரூமுக்கு எந்த பெயின்ட்?

வணக்கம் மக்களே. காற்று இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சம் போய்விடும். ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டு வடக்கு ரூம் இது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மணல், அப்புறம் வடகடல்.

கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். இடது பக்கம் வெளிர் கடல் பச்சை, வலது பக்கம் சந்தனம். இரண்டும் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட். நடுவில் ஒரு சாண் வெள்ளை விட்டிருக்கிறேன்; ஒட்டி அடித்தால் ஒரு கலர் இன்னொன்றை மாற்றிக் காட்டும். பச்சையின் ஓரத்தைப் பாருங்கள், ஈரத்தில் வெளிறித் தெரிந்தது காய்ந்ததும் ஒரு படி ஏறிவிட்டது. பெயின்டர் அண்ணன் முதலிலேயே சொன்னார்: "கார்டுல பிடிச்சதுக்கு ஒரு கட்டம் வெளிறுனதா வாங்கும்மா, நாலு சுவரும் சேர்ந்தா தானா ஏறிக்கும்."

காலையில் பச்சையைப் பார்த்து மயங்கிவிட்டேன். இந்த மாசியில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது, நீலம் கலந்த வெளிச்சம்தான். கடலே உள்ளே வந்த மாதிரி இருந்தது. சந்தனம் சும்மா, பாலில் ஒரு சொட்டு டிகாஷன் விட்ட மாதிரி.

ராத்திரி 7 மணிக்கு டியூப் லைட்டைப் போட்டேன். அம்மா வாசலில் நின்று, "என்னடி, பிரசவ வார்டு மாதிரி இருக்கு?" என்றார். எங்கள் லைட் 6500 கெல்வின், நீலம் தூக்கல். சரி என்று 3000 கெல்வின் மஞ்சள் பல்பு மாட்டினேன். பச்சை சாம்பல் பூசிக்கொண்டது. சந்தனமோ கடைந்த பருப்பு! ஆனால் நாங்கள் தினமும் போடுவது டியூப் லைட். அதில் சந்தனம்தான் கண்ணை உறுத்தாமல் நின்றது.

இன்னொரு காரணம் கீழே, தரையிலிருந்து ஒரு முழம். வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, உப்பு. உப்புத் தண்ணீரில் கட்டிய பழைய சுவர். ஈரம் வெளியே வரும்போது உப்பையும் இழுத்து வந்து விட்டுப் போகும். போன தடவை அதன் மேலேயே பட்டி பார்த்துவிட்டார்கள், கார்த்திகை மழையில் அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. இந்த முறை காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கிறோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான், சிமென்ட், சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் பிரைமர். அப்படியும் பூக்கலாம், பச்சையில் அது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும், சந்தனத்தில் அவ்வளவு தெரியாது.

ஆக, சந்தனம்தான். பச்சை டப்பாவில் மீதி இருப்பதை அலமாரி உள்பக்கம் அடித்துக்கொள்ள அம்மா அனுமதி கொடுத்திருக்கிறார்.