கஸ்திப்படுவோருக்குத் தேற்றரவே

எல்லோருக்கும் வணக்கம். பூசை முடிந்து பசியோடு இருக்கிறீர்கள், பின்னால் கொத்துரொட்டி தட்டுகிற சத்தம் எனக்கும் கேட்கிறது, அதனால் நீட்டி முழக்க மாட்டேன். புலம்பெயர்ந்த சின்னச் சமூகமாகிய நாங்கள் மற்றவர்களிடம் எப்படி நற்செய்தியைக் கொண்டுபோவது என்று பத்து நிமிடம் கதைக்கச் சொல்லி எங்கள் பங்குச் சுவாமி கேட்டார். எனக்கு அவ்வளவு பெரிய விஷயமெல்லாம் தெரியாது. இங்கே ஜேர்மனியில் இருக்கிற மாதா யாத்திரைத் தலம் கெவலாரைப் பற்றிக் கதைக்கத் தெரியும்.

இங்கே இருக்கிற அநேகம் பேர் ஆகஸ்ட் மாதத்தில் கெவலாருக்குப் போகிறவர்கள்தான். பஸ் பிடித்து, புளிச்சாதம் கட்டி, பிள்ளைகளைத் திட்டி எழுப்பிக்கொண்டு, ஒல்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊருக்குப் போய் இறங்கினால் தெரு முழுக்கப் பட்டுச்சேலை. வருகிற பல்லாயிரம் தமிழரில் பெரும் பங்கு சைவர்கள். நெற்றியில் திருநீறு, கையில் மெழுகுதிரி. இதைப் பார்த்து ஜேர்மன்காரர் ஆச்சரியப்படுவார்கள். சைவரும் கத்தோலிக்கரும் சேர்ந்து போகிற எங்கள் ஊர் மடு மாதா கோயிலுக்குப் போய் வளர்ந்த எங்களுக்கு இதில் என்ன ஆச்சரியம்?

இந்த யாத்திரை 1980களின் கடைசியில் தொடங்கியபோது நாங்கள் இருந்த நிலைமை இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் 1984இல் வந்தவன். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் வந்த ஆயிரக்கணக்கான பெடியளில் ஒருவன். பிறகு ஒரு ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், போட்டார்கள். வேலை செய்யக்கூடாது. அசூல் (அகதித் தஞ்சம்) கேட்டவன் தன்னுடைய மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது, தாண்டுவதென்றால் கந்தோருக்குப் போய்க் கடிதம் வாங்க வேண்டும். அப்படிக் கடிதம் வாங்கிக்கொண்டு கெவலாருக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். மாதாவைப் பார்க்க என்று சொல்லித்தான் வாங்கினார்கள், ஆனால் உண்மையில் அங்கே வந்து கூட்டத்துக்குள் முகம் முகமாகத் தேடினார்கள். ஊரில் இருந்து கிளம்பிய தம்பி வந்து சேர்ந்தானா, பக்கத்து வீட்டுக்காரர் எந்த முகாமில் இருக்கிறார், அம்மாவைக் கடைசியாகப் பார்த்தவர் யாராவது உண்டா. அழுதார்கள், விலாசம் எழுதிக்கொண்டார்கள், அப்புறம் போய் மெழுகுதிரி ஏற்றினார்கள். அதைச் செபம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, அந்த ஊரில் என்னதான் இருக்கிறது? பெரிய சுரூபம் ஒன்றும் இல்லை. உள்ளங்கை அளவு ஒரு கடதாசிப் படம், அச்சடித்த படம், அவ்வளவுதான். 1641 நத்தார் காலத்தில் ஹென்ரிக் புஸ்மன் என்ற ஊர்சுற்றி வியாபாரி அந்த வழியால் போகும்போது, தெருவோரச் சிலுவையடியில் "இந்த இடத்தில் எனக்கு ஒரு சிறு கோயில் கட்டு" என்று ஒரு குரல் கேட்டதாம், அதுவும் மூன்று தரம். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது; பட்டாளம் வந்து போன ஊரெல்லாம் எரிந்து கிடந்தது. படத்தை விற்க வந்தவர்கள்கூடப் பட்டாளத்துக்காரர்தான், புஸ்மனின் மனைவி விலை கூட என்று முதலில் வாங்கவில்லை (எங்கள் வீட்டுக்காரி இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பாள்). பிறகு அந்தப் படத்தைத் தேடிப்பிடித்து 1642 ஜூன் 1இல், அங்கே கட்டிய சிறு கோயிலில் வைத்தார்கள். லக்சம்பேர்க் மாதாவின் படம் அது. அந்த மாதாவுக்கு லத்தீனில் ஒரு பெயர் உண்டு. அதைத் தமிழில் நீங்கள் எல்லோரும் சின்ன வயதில் இருந்தே சொல்லி வருகிறீர்கள், செபமாலை முடிந்து பிரார்த்தனை சொல்லும்போது நித்திரை தூங்கிக்கொண்டே சொல்லுவோமே: வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே, பாவிகளுக்கு அடைக்கலமே, கஸ்திப்படுவோருக்குத் தேற்றரவே. அந்தத் தேற்றரவுதான் கெவலார் மாதா.

போருக்குள் வந்த படம். எங்கள் மடு மாதாவும் அப்படித்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670இல், மாந்தையில் இருந்து சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய குடும்பங்கள்தான் மடுவுக்குக் கொண்டுபோனவர்கள். 2008இல் சண்டை நெருங்கியபோது அதே சுரூபம் மறுபடியும் இடம்பெயர்ந்தது. எங்கள் மாதா இரண்டு தரம் அகதியானவள் என்று என் அம்மம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பா.

ஒல்லாந்தர் காலத்தைப் பற்றிச் சொன்னதால் யோசேப் வாஸ் அடிகளாரை விட்டுவிட்டுப் போக முடியாது. கோவாவில் இருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்தார். குருவானவர் என்று தெரிந்தால் பிடித்துவிடுவார்கள் என்பதால் கூலியாள் வேடம். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார், அந்த மாலையை உற்றுப் பார்க்கிறவர் யார் என்று பார்த்துத் தன் ஆட்களைக் கண்டுபிடித்தார். தமிழ் படித்தார். பிறகு கண்டிக்குப் போய், போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையிலும் இருந்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது ஊரே ஓடியது, நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் ஓடவில்லை. புண்ணைக் கழுவினார், கஞ்சி கொடுத்தார், செத்தவர்களைப் புதைத்தார், அவர்கள் எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ் அன்று பின்னேரமே மடுவுக்கும் போனார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் கெவலாரில் ஒரு காட்சி பார்த்தேன். மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் ஒரு சைவ அக்கா நின்று அழுதுகொண்டிருந்தா. மகன் காணாமல் போன தாய் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் போய் அவவின் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்து, விலாசமும் தொலைபேசி இலக்கமும் கேட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெழுகுதிரியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டா. அடுத்த வருடம் நான் தேடினேன். காணவில்லை.

நற்செய்தியை அறிவிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சுவாமி முறைக்க வேண்டாம். ஒருவர் வந்து கேட்டால் சொல்லுங்கள், இரவு முழுக்கச் சொல்லுங்கள். ஆனால் அழ வந்தவரைப் பெயர்ப் பட்டியலில் சேர்க்கப் பார்க்காதீர்கள்.

பிள்ளைகள் விஷயம் வேறு. தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. பிரார்த்தனையை ஜேர்மன் எழுத்தில் அடித்துக் கொடுத்தால் சொல்லுவார்கள், அதில் என்ன குறைச்சல்? தேற்றரவு என்றால் என்ன என்று என் மகள் கேட்டாள், நான் ஜேர்மனில் சொன்னேன், "ஓ, அது அந்தப் படத்துக்குக் கீழே இருக்கிற பெயர்" என்றாள். நாற்பது வருடம் நான் கவனிக்காததை அவள் கவனித்திருக்கிறாள்.

இன்னொன்று. இந்தக் கோயிலில் ஞாயிறு பின்வரிசையில் எரித்திரியாக் குடும்பம் ஒன்று இருக்கிறது, ஹைமில் இருந்து வருகிறார்கள். முதல் நாள் நாங்கள் இங்கே பின்வரிசையில் இருந்தபோது எங்கள் சாப்பாட்டு மணத்தைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களும் இருந்தார்கள், கார் கொண்டுவந்து ஏற்றிப்போன ஒரு ஜேர்மன் கிழவியும் இருந்தா. நாங்கள் இப்போது காருள்ள ஆட்கள். மூன்று ஞாயிறாக அவர்களிடம் ஒருவரும் கதைக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அதனால் இரண்டே வேலை. வருகிற ஆகஸ்டில் கெவலாரில் எங்கள் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மேசை போடுவோம், இஞ்சித் தேநீரும் வாய்ப்பனும். துண்டுப்பிரசுரம் இல்லை, பதிவுக் கொப்பி இல்லை. அந்த எரித்திரியாக் குடும்பத்துக்கு பஸ்ஸில் ஐந்து இடம் வேண்டும், காசு நான் போடுகிறேன். பெரிய பிளாஸ்க் வைத்திருக்கிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வாருங்கள், சென்ற முறை கொண்டுவந்ததில் ஒன்றுக்கு மூடி இல்லை.