மாசிக்குப் பின் வந்த டாலர்

நேயர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடிப் பக்கமோ யாழ்ப்பாணப் பக்கமோ சமையல் பழகியவர்களுக்கு மாசி என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயப்போட்டால் விறகுக் கட்டை போல இறுகிவிடும். கத்தி இறங்காது, இடித்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு சிட்டிகை சேர்ந்தால் போதும், சம்பல் தெருமுனை வரை மணக்கும். இந்த மாசி மாலத்தீவிலிருந்து வந்த சரக்கு. நூற்றாண்டுக் கணக்கில் அந்தத் தீவுகள் பிழைத்ததே இதை வைத்துத்தான். கொழும்பில் மாசியை இறக்கிவிட்டு அரிசியும் துணியும் சர்க்கரையும் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். விற்க ஒரே சரக்கு, வாங்க ஒரே ஊர்.

1970களின் தொடக்கத்தில் இலங்கைக்கு அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. இறக்குமதியை இறுக்கினார்கள். அதில் மாசியும் மாட்டிக்கொண்டது. கொழும்பில் யாரோ ஓர் அதிகாரி ஒரு பட்டியலில் கோடு போட்டிருப்பார். அங்கே மாலத்தீவில் ஒரு நாட்டின் அடுப்பே அணையும் நிலைக்கு வந்தது.

அதே நேரத்தில்தான், 1972இல், மாலத்தீவில் முதல் உல்லாச விடுதி திறந்தது. ஒரு சிறிய இத்தாலியக் குழு அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. அக்டோபரில் தலைநகர் மாலேக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில் பவளக்கல் சுவரும் தென்னங்கீற்றுக் கூரையுமாக மாலத்தீவுக்காரர்கள் முப்பது அறை கட்டிவிட்டார்கள். பெயர் குரும்பா. அவர்கள் மொழியான திவெஹியில் அது இளநீர்க் காய். நம் குரும்பைக்குச் சொந்தக்காரச் சொல்தான். நம் தோணிகூட அங்கே தோணிதான். இதற்கு முன் 1960களில் வந்து பார்த்த ஐ.நா. நிபுணர்கள், இந்தத் தீவுகளில் சுற்றுலாவுக்கு வழியே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அதைச் சொல்லிச் சிரிக்காத மாலத்தீவுக்காரரை நான் பார்த்ததில்லை.

முதல் ஆண்டில் வந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். 2024இல் இருபது லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டில் குடியிருப்பவர்களோ, வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து, 2022 கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சத்துப் பதினைந்தாயிரம்தான். ஆளுக்கு நான்கு விருந்தாளி.

இப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்கு உடனே ஒரு கணக்கு ஓடும்: அப்படியானால் பணம் கொட்டுமே? கொட்டத்தான் செய்கிறது. ஆனால் தீவில் எவ்வளவு பணம் வந்து இறங்குகிறது என்பதைவிட, இறங்கிய பணம் எத்தனை நாள் அங்கே தங்குகிறது என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்த கேள்வி. 2008இலிருந்து ஆறு ஆண்டு அங்கே ஒரு தீவுப் பள்ளியில் வணிகவியல் வாத்தியாராக இருந்தேன். பாடப் புத்தகத்தில் இருந்ததைவிட அந்தத் தீவின் படகுத்துறையில் நின்று கற்றுக்கொண்டது அதிகம்.

அந்தத் துறையைக் கொஞ்சம் பாருங்கள். மாலேயிலிருந்து சரக்குத் தோணி வரும் நாள். ஊரே துறையில் நிற்கும். முதலில் இறங்குவது முட்டை அட்டைகள், கயிறு போட்டுக் கட்டி, ஆள் உயரத்துக்கு. பிறகு வெங்காய மூட்டை. சாக்கின் மேலேயே இந்திய ஊர்ப் பெயர்கள் அச்சடித்திருக்கும். கோதுமை மாவு, பருப்பு, பால் மாவு, டின் மீன். ஆம், சுற்றிலும் கடல், ஆனாலும் டின் மீன். அப்புறம் டீசல் பீப்பாய்கள். கடைசியில் சிமெண்டும் ஜல்லியும். மண் வளம் கிடையாது, ஆறு கிடையாது, கல் கிடையாது. தேங்காயும் மீனும் போக மற்றதெல்லாம் வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

இதில் நம்மூர்ப் பங்கு சின்னதல்ல. தூத்துக்குடியிலிருந்து மரத் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிற தொழில். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் ஓட்டம் நின்றுவிடும். காற்று அடங்கியதும் மறுபடி கிளம்பும். இந்திய அரசும் ஆண்டுதோறும் இந்த நாட்டுக்கென்று தனி ஒதுக்கீடு வைத்திருக்கிறது. 1981 வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் வருவது அது. 2024-25க்கு அறிவித்த உச்சவரம்பைக் கேளுங்கள்: முட்டை 42 கோடியே 75 லட்சம். வெங்காயம் 35 ஆயிரம் டன்னுக்கு மேல். ஆற்று மணல் பத்து லட்சம் டன், ஜல்லி பத்து லட்சம் டன். நமக்கே வெங்காயம் பற்றாமல் ஏற்றுமதிக்குத் தடை போட்ட காலத்திலும் இந்தக் கதவை மூடவில்லை.

உல்லாச விடுதிகளில் இதுவே இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே ஒரு தீவுக்கு ஒரு விடுதிதான். 1970களிலிருந்து அவர்கள் பிடித்துவந்த கொள்கை. மனிதர் குடியில்லாத தீவு ஒன்றை அரசு நீண்ட காலக் குத்தகைக்கு விடும். எடுத்தவர் அங்கே சொந்தமாக ஜெனரேட்டர் வைத்து மின்சாரம் எடுக்க வேண்டும், கடல்நீரைக் குடிநீராக்க வேண்டும், கழிவைச் சுத்தம் செய்ய வேண்டும், பணியாளர் குடியிருப்பு கட்ட வேண்டும். ஒவ்வொரு விடுதியும் ஒரு குட்டி நகராட்சி. இப்போது 170க்கும் மேற்பட்ட விடுதிகள் இப்படி இருக்கின்றன. நார்வேக்காரர் சாப்பிடும் சால்மன் மீன் விமானத்தில் வருகிறது. ஆஸ்திரேலிய மாட்டிறைச்சி, பிரெஞ்சு ஒயின், தாய்லாந்துக் கீரை, எல்லாம் அப்படித்தான். சமைப்பவர் இலங்கைக்காரர், துடைப்பவர் வங்கதேசத்துக்காரர், கணக்குப் பார்ப்பவர் பெரும்பாலும் நம்மாள். முன்பணத்தை ஐரோப்பாவில் இருக்கும் பயண நிறுவனம் வாங்கிக்கொள்கிறது. விடுதியின் பெயர்ப் பலகைக்கு உரிமை வைத்திருக்கும் கம்பெனி இன்னொரு நாட்டில் இருக்கிறது. ஓர் இரவுக்கு ஆயிரம் டாலர் வாங்கினார்கள் என்றால், அதில் ஒரு நல்ல பகுதி மாலத்தீவு மண்ணில் கால்வைக்காமலே போய்விடும்.

விடுதிக்காரர்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கொள்கையில் நியாயமும் உண்டு. மதுவும் அரைகுறை ஆடையும் ஊர்த்தீவுக்குள் வராமல் தனியே நிற்கும். பவளப் பாறைகள் ஓரளவு தப்பும். அரசுக்கு வசூல் சுலபம், ஏனென்றால் குத்தகை எடுத்தவர் யாரென்று தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டில் பக்கத்துத் தீவில் குடியிருப்பவருக்குப் பயணியின் முகமே தெரியாது. என் மாணவர்கள் சிலர் தலைக்கு மேல் கடல் விமானம் போவதைத் தினமும் பார்த்து வளர்ந்தார்கள். அதிலிருந்து இறங்கிய ஒருவரோடுகூடப் பேசியதில்லை. படிப்பு முடிந்ததும் பையன்கள் விடுதிக்கு வேலைக்குப் போவார்கள். பில்லில் சேரும் பத்து விழுக்காடு சேவைக் கட்டணத்தில் பங்கு கிடைக்கும், அது சம்பளத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கும். பெண்பிள்ளைகளைத் தனித்தீவில் தங்கி வேலை செய்யப் பெரும்பாலான குடும்பங்கள் அனுப்புவதில்லை. நாட்டின் மிகப் பெரிய தொழிலில் பாதி ஜனத்தொகைக்கு வாசல் மிகக் குறுகல்.

அரசாங்கமே பணத்தைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொண்டது மெதுவாகத்தான். முதலில் படுக்கைக்கு ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று வரி. நூறு டாலர் அறையானாலும் இரண்டாயிரம் டாலர் அறையானாலும் அதே வரி! 2011இல்தான் சுற்றுலாவுக்கென்று சரக்கு சேவை வரி வந்தது, 3.5 விழுக்காட்டில். அது ஏறி ஏறி 2023இல் 16 ஆகி, 2025 ஜூலையில் 17 ஆனது. சுற்றுச்சூழல் பெயரில் பசுமை வரி தனி. தனிநபர் வருமான வரி 2020இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் எந்த ஆண்டு பாருங்கள்.

2020 மார்ச் கடைசியில் எல்லையை மூடினார்கள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் வந்த பயணிகள் பூஜ்யம். அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. இதற்கு முன் 2004 ஆழிப்பேரலையிலும் இப்படி ஓர் அடி விழுந்தது. அன்றைய சேதத்தை அந்த ஆண்டு மொத்த உற்பத்தியில் 62 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். மாசியை நம்பியிருந்தபோது கொழும்பில் ஒரு கோடு. சுற்றுலாவை நம்பியிருக்கும்போது கடலில் ஓர் அலை, காற்றில் ஒரு கிருமி. 2020 ஜூலை 15ஆம் தேதியே மறுபடி திறந்துவிட்டார்கள். துணிச்சல் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. துணிச்சல் பாதி. மீதி, டாலர் இல்லாமல் அரிசி வாங்க முடியாது என்ற நிலைமை.

இந்த டாலர் விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. இருபது லட்சம் பேர் டாலரோடு வரும் நாட்டில் டாலருக்குப் பஞ்சம். அந்த நாட்டு நாணயம் ரூஃபியா. ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது வங்கி விலை. அந்த விலைக்கு வங்கியில் கேட்டால் வரிசையில் நிற்க வேண்டும், அளந்துதான் தருவார்கள். கடைத்தெருவில் 18க்கு மேலும் போயிருக்கிறது. மகனை மலேசியாவில் படிக்கவைப்பவரும் அம்மாவைத் திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு அழைத்துப்போகிறவரும் கடைத்தெரு விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. ஏன் இந்தப் பஞ்சம்? சம்பாதித்த டாலரை விடுதிகள் வெளிநாட்டு வங்கியிலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. 2024 அக்டோபரில் இந்தியா 40 கோடி டாலர் நாணய மாற்று ஏற்பாடு செய்து கைகொடுத்தது. அதே மாதம் மாலத்தீவு மத்திய வங்கி ஒரு விதி கொண்டுவந்தது: பெரிய விடுதி என்றால் வந்து தங்கும் பயணி ஒருவருக்கு 500 டாலர் வீதம் உள்ளூர் வங்கியில் கொடுத்து ரூஃபியாவாக மாற்றியாக வேண்டும். சிறிய விடுதிக்கு 25 டாலர். விடுதி முதலாளிகள் குரல் எழுப்பினார்கள். அடுத்து அதைச் சட்டமாக்கியபோது, விற்பனையில் 20 விழுக்காட்டை மாற்றினாலும் போதும் என்று வழி விட்டார்கள். ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்துத்தான் அந்த நாடு பயணியின் டாலரைத் தன் சட்டைப்பையில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறது. பிந்திய வேலைதான். தவறான வேலை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது வேறு. 2009க்குப் பின், குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்று அனுமதித்தார்கள். கெஸ்ட் ஹவுஸ் என்றே அங்கும் சொல்வார்கள். மாஃபுஷி என்ற தீவு முதலில் பிடித்துக்கொண்டது. அதுவரை அந்த ஊர் என்றால் சிறைச்சாலைதான் ஞாபகம் வரும். இன்று நாடு முழுக்க எண்ணூறுக்கும் மேற்பட்ட இல்லங்கள். கடற்கரையில் ஒரு பகுதியை மறைப்புக் கட்டிப் பயணிகளுக்கு ஒதுக்கிவிடுவார்கள். மது வேண்டுமானால் எல்லைக்கு வெளியே நங்கூரமிட்ட படகுக்குப் போய் வரலாம். நம்மூரில் ஊர் எல்லைக்கு வெளியே கடை வைப்பது போலத்தான்.

தொல்லையும் கூடவே வந்தது. குப்பை எங்கே கொட்டுவது? நிலத்தடி நீர் எத்தனை நாள் தாங்கும்? காலியிடமே இல்லாத தீவில் மூன்று மாடி, நான்கு மாடி என்று கட்டிக்கொண்டே போகிறார்கள். ஜல்லி தூத்துக்குடியிலிருந்து வர வர, மாடி ஏறுகிறது.

நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவைத் தெருவே தத்தா என்று கூப்பிடும். அவர்கள் மொழியில் அக்கா. கணவர் மீன்பிடித் தோணியில் போகிறவர். 2012 வாக்கில், என் அறைக்குப் பக்கத்தில் இரண்டு அறையைச் சுண்ணாம்பு அடித்து, குளிர்சாதனம் வைத்து வாடகைக்கு விட்டார். முதலில் வந்தது ஓர் இளம் ஜெர்மானியத் தம்பதி. காலைச் சாப்பாட்டுக்கு என்ன வைப்பது என்று தத்தா இரவு முழுக்கத் தவித்தார். ரொட்டி, ஜாம் என்றெல்லாம் யோசித்து, மாலேயில் இருக்கும் தம்பியிடம் போனில் சொல்லவும் பார்த்தார். சரக்குத் தோணி வர இன்னும் மூன்று நாள் இருந்தது. வேறு வழியில்லாமல் வீட்டில் நாங்கள் சாப்பிடும் மஸ் ஹுனியையே வைத்தார். உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், பொடியாக நறுக்கிய வெங்காயம், எலுமிச்சைச் சாறு, அவர்கள் வீட்டு வேலியோரம் காய்த்த மிளகாய். தொட்டுக்கொள்ள மெல்லிய ரொட்டி.

அவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அன்று மாலை நானும் தத்தாவும் படியில் உட்கார்ந்து அந்தத் தட்டுக்குக் கணக்குப் போட்டோம். வணிகவியல் வாத்தியார் வீட்டில் இருக்கும்போது இதெல்லாம் தப்பாது. மீன் கணவர் பிடித்தது. தேங்காய் கொல்லையில். மிளகாய் வேலியில். வேலைக்கூலி அவருடையது. வெங்காயமும் மாவும் எலுமிச்சையும் மட்டும் கடல் தாண்டி வந்தவை. அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், இதில் முக்கால்வாசி வீட்டிலேயே இருக்கே!" என்றார்.

அறையின் குளிர்சாதனத்துக்கு மின்சாரம் தர எரியும் டீசலை நான் நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய் அந்த அறைக்கு ஜன்னல் பெரிதாக வைக்க ஆள் யாரென்று கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வணக்கம்.