அழித்துச் செய்த நகை

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்பவர்களுக்கும் வணக்கம். ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவில், ஒருகாலத்தில் தனி அரசாக இருந்த ரியூக்யூவின் அரண்மனை ஷுரி கோட்டை. மீண்டும் கட்டப்பட்ட அந்தக் கோட்டை ரியூக்யூ மக்களின் அடையாளமா, வெறும் நகலா என்பது தலைப்பு. அடையாளமே என்பது எங்கள் கட்சி.

எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு வார்த்தை சொன்னார். "ஒகினாவாவின் அசல் கோட்டை 1945-இல் போரில் போய்விட்டது, 1992-இல் போட்டுக்கொண்டது கவரிங் நகை, 2019-இல் அதுவும் பல்லிளித்துவிட்டது" என்றார். அதற்கு நீங்கள் தட்டிய கைத்தட்டலில் நான் எழுதி வந்த குறிப்புகளெல்லாம் பறந்துவிட்டன. ஆகவே குறிப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, எனக்குத் தந்திருக்கும் நேரம் முழுவதும் இந்த ஒரு நகையை மட்டும் உரைகல்லில் உரசிப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

கவரிங் நகை என்பது வீட்டில் இல்லாத தங்கத்தைக் கழுத்தில் இருப்பதாகக் காட்டுவது. ஆனால் நம் வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. பாட்டியின் அட்டிகை அறுந்து போனால், அதை ஆசாரியிடம் கொடுத்து அழித்துச் செய்யச் சொல்வோம். பழைய அட்டிகை உலையில் உருகி மறைந்து, புது அட்டிகையாகத் திரும்பி வரும். அப்படி வந்ததைப் பேத்தி அணிந்துகொண்டு, "இது பாட்டியின் நகை" என்றுதான் சொல்வாள். நண்பரின் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். இல்லையென்றால் அவர் எழுந்து மறுக்கலாம். அவர் எழவில்லை என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஷுரி கோட்டை அழித்துச் செய்த நகை, நடுவர் அவர்களே. மூன்றாகப் பிரிந்து கிடந்த ஒகினாவாத் தீவை 1429-இல் ஷோ ஹாஷி ஒரே அரசாக்கிய பிறகு, அந்தக் கோட்டை ஐந்து முறை தீயில் போயிருக்கிறது. 1453-இல் அரியணைக்காக நடந்த உறவுச் சண்டையில் எரிந்தது, 1660-இல் எரிந்தது, 1709-இல் எரிந்தது, 1945-இலும் 2019-இலும் எரிந்தது. நண்பர் "அசல்" என்று சொல்லிக் கண்ணீர் விட்டாரே, 1945-க்கு முந்திய அந்தத் தலைமை மண்டபமே 1709 தீக்குப் பிறகு எழுப்பப்பட்டதுதான். இத்தனை முறை சேதாரம் கொடுத்து, அத்தனை முறையும் செய்கூலி கொடுத்து மீட்ட நகைக்குக் கவரிங் என்று பெயர் வைக்கலாமா?

யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, கோட்டையின் பழைய அடித்தளத்தைத்தான் ஏற்றது, மேலே கட்டிய மண்டபத்தை ஏற்கவில்லை என்பதை நண்பர் சொல்ல மறந்துவிட்டார். அவருக்காக நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மை. அந்த மண்டபத்தின் தரைத்தளத்தில் ஓரிடத்தில் கண்ணாடி பதித்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் பழைய மண்டபத்தின் கற்கள் தெரியும். கவரிங் நகை தன் உட்புறத்தை யாருக்காவது கண்ணாடி வைத்துக் காட்டுமா?

இனி அந்த நகையைக் காப்பாற்றிய ஆசாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒகினாவாக்காரர் அல்லர். காமகுரா யோஷிதாரோ என்ற இளைஞர், 1921-இல் ஒகினாவாவின் தலைநகரான நாஹாவில் பெண்கள் பள்ளிக்கு ஓவிய ஆசிரியராக வந்தார். வந்த இடத்தில் நாட்டின் நிலைமையைப் பாருங்கள்: 1879-இல் ஜப்பானிய அரசு ரியூக்யூவை மாவட்டமாக மாற்றி, கடைசி அரசர் ஷோ தாயைத் தோக்கியோவுக்குக் குடிபெயர்த்துவிட்டது, அரண்மனை முதலில் படைவீரர் தங்குமிடமாகவும் பிறகு பள்ளிக்கூடமாகவும் தேய்ந்துகொண்டிருந்தது. காமகுரா தோக்கியோவுக்குத் திரும்பிய பிறகு, 1924-இல் ஒரு நாள் செய்தித்தாளைப் பிரிக்கிறார். ஷுரி மண்டபத்தை இடிக்கப் போகிறார்கள் என்று அதில் செய்தி.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "அடடா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம். அவர் புரட்டவில்லை. செய்தித்தாளைக் கீழே வைத்தார், நேராக ஓடினார். இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், ஏனென்றால் ஒரு முழு நாட்டின் தலைவிதி அப்போது ஓர் ஓவிய ஆசிரியரின் கால்களில் இருந்தது. மறுபடியும் சொல்கிறேன்: செய்தித்தாளைக் கீழே வைத்தார், ஓடினார். ஓடியது அமைச்சரின் வீட்டுக்கா? அவரை அங்கே யார் உள்ளே விடுவார்கள்! கட்டடக்கலைப் பேராசிரியர் இட்டோ சூட்டாவிடம் ஓடினார். இட்டோ அரசிடம் போய் வாதாடினார். இடிப்பு நின்றது. மறு ஆண்டு, 1925-இல், அந்த மண்டபத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. எப்படி என்று கேட்டால் சிரிப்பு வரும்: அரசர் அமர்ந்த மண்டபத்தை ஒகினாவா ஆலயத்தின் வழிபாட்டுக் கூடம் என்று கணக்கில் எழுதித்தான் காப்பாற்ற முடிந்தது.

அதோடு காமகுரா ஓயவில்லை. மீண்டும் ஒகினாவாவுக்குப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்தார், கையால் எழுதினார். 81 குறிப்பேடுகள் சேர்ந்தன. 1945-இல் ஜப்பானியப் படை கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தலைமையகம் வைத்ததால், மேலே இருந்த அத்தனையும் அமெரிக்கக் குண்டுகளில் பொடியானபோது, அந்தக் குறிப்பேடுகள் பிழைத்தன. 1768-ஆம் ஆண்டுப் பழுதுபார்ப்பின் அளவு ஏடும் அவருடைய குறிப்புகளும் இல்லாமல் 1992-இல் மண்டபம் எழுந்திருக்காது. அவர் 1983-இல் காலமானார். எழுந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பழைய நகையின் எடையையும் வேலைப்பாட்டையும் 81 ஏடுகளில் எழுதி வைத்த ஆசாரி உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று நண்பர் தேடிச் சொல்லட்டும்.

வடக்கு மண்டபம் சீனத் தூதர்களுக்கு, தெற்கு மண்டபம் ஜப்பானின் சட்சுமா ஆட்சிப் பகுதியின் அதிகாரிகளுக்கு, இதில் சொந்த அடையாளம் எங்கே என்றும் எதிரணியினர் கேட்டார்கள். 1609-இல் சட்சுமா படையெடுத்து அடக்கிய பிறகும், சீனப் பேரரசோடு உறவை அறுக்காமல், இரண்டு பெரிய வீட்டுக்கு நடுவே குடித்தனம் நடத்திய சிறு அரசு அது. அந்தச் சாமர்த்தியம்தான் அதன் அடையாளம்.

நகலுக்காக யாரும் சண்டை போட மாட்டார்கள். ஒகினாவாவில் போடுகிறார்கள். மண்டபத்துப் படிக்கட்டின் இரு பக்கமும் நிற்கும் கல் டிராகன் தூண்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டுமா, முன்னே வருபவரைப் பார்க்க வேண்டுமா என்பது சண்டை. 1877-இல் எடுத்த ஒரு பிரெஞ்சுப் புகைப்படத்தில் அவை முன்னே பார்க்கின்றன. 1768 ஏட்டிலோ முகத்துக்கு முகம் நிற்கின்றன. ஒரு தூண் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அறிஞர்கள் கூட்டம் போட்டு வாதாடுகிறார்கள். ஊர் மக்கள் எதிர்த்துக் குரல் கொடுக்கிறார்கள். 2019 தீயில் மண்டபம் சரிந்தபோதும் அந்தத் தூண்கள் இரண்டும் நின்றன.

நடுவர் மணியைப் பார்க்கிறார். எனவே 2019-இன் அந்த அக்டோபர் 31-க்கு வந்துவிடுகிறேன். விடிவதற்கு முன்பே தீ பிடித்தது. குன்றின் மேல் எரிவது நாஹா நகரம் முழுவதற்கும் தெரிந்தது. தெருவில் நின்று அழுதார்கள். 1945-இல் சிறு பிள்ளையாக இருந்து, அந்தக் கோட்டை இல்லாமலேயே வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்த வயதில் அது எழுந்ததைப் பார்த்து, இரண்டாம் முறையாக அது போவதையும் பார்த்த கிழவிகள் அந்தத் தெருவில் நின்றிருப்பார்கள். அவர்களிடம் போய் "அழாதீர்கள் பாட்டி, அது கவரிங்" என்று நண்பர் சொல்லட்டும், நான் இங்கேயே தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

தீ அணைந்த சில மாதங்களில் பொதுமக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். எரிந்த கூரையின் சிவப்பு ஓடுகளை மடியருகே வைத்து, ஒட்டியிருந்த வெள்ளைச் சுண்ணச்சாந்தைச் சிறு கருவிகளால் சுரண்டி எடுத்தார்கள். முழு ஓடுகளைத் தனியே அடுக்கினார்கள். உடைந்தவற்றைப் பொடியாக்கிப் புது ஓட்டுக்கான களிமண்ணில் கலந்தார்கள். பாட்டியின் தங்கம் பேத்தியின் அட்டிகையில் சேர்ந்தது, நடுவர் அவர்களே. 2026 இலையுதிர் காலத்தில் மண்டபத்தை முடிப்பது என்று இலக்கு வைத்து வேலை நடத்துகிறார்கள்.

இப்போது மணி அடித்துவிட்டீர்கள். ஷுரியிலும் ஒரு மணி உண்டு; 1458-இல் வார்த்தது. "கப்பல்களே பாலமாக எல்லா நாடுகளையும் இணைக்கிறோம்" என்ற பொருளில் அதன்மேல் எழுதியிருக்கிறது. ஒகினாவா அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த மணியின் உடம்பில் 1945-இன் குண்டு பட்ட தழும்புகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை யாரும் பூசி மறைக்கவில்லை. நன்றி, வணக்கம்.